கோலன் பகுப்புமுறையின் தோற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலன் பகுப்புமுறை என்றால் என்ன?

நூலகத்திலுள்ள நூல்களை அவற்றின் பொருள் அடிப்படையில் வரிசைப்படுத்துவதற்காக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான சீ. இரா. ரங்கநாதன் உருவாக்கிய முறை இது. ஒவ்வொரு நூலுக்கும் எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் கலந்த ஒரு குறியீட்டை இது அளிக்கிறது. அக்குறியீட்டின் வரிசைப்படியே நூல்கள் அடுக்கில் அமர்கின்றன. தொடக்கக் காலப் பதிப்புகளில் குறியீட்டின் பகுதிகளை இணைக்க முக்காற்புள்ளி மட்டுமே பயன்பட்டதால், அதன் ஆங்கிலப் பெயரான கோலன் என்பதே முறையின் பெயராகிவிட்டது. பிற்காலத்தில் வேறு குறிகளும் வந்து சேர்ந்தன. பெயர் மட்டும் மாறவில்லை.

இதன் முதற்பதிப்பு 1933இல் வெளிவந்தது. ஆனால் கருத்து உருவானது 1924இல், லண்டனில்.

அதற்கு முன்பு நூல்களை எப்படி அடுக்கி வைத்தார்கள்?

பல நூலகங்களில் நூலுக்கு நிலையான இடம் ஒன்று இருந்தது: இன்ன அறை, இன்ன அலமாரி, இன்ன தட்டு, இத்தனையாவது நூல். அடுத்த ஆண்டு அதே பொருளில் இன்னொரு நூல் வந்தால் அதற்கு அங்கே இடமிருக்காது. எங்கே காலியிடம் உண்டோ அங்கே போய்விடும். இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கரான மெல்வில் தூயி. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் பணியாற்றிய அவர் 1873இல் வகுத்த திட்டம், 1876இல் 44 பக்கச் சிறு நூலாக, முகப்பில் ஆசிரியர் பெயர்கூட இல்லாமல் வெளிவந்தது. அறிவுலகம் முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போகும் தசம முறை அது. எண் ஒட்டப்பட்டது நூலின் மேல். அலமாரியின் மேல் இல்லை. எனவே புதிய நூல் வரும்போது பழைய நூல்கள் சற்றே நகர்ந்து வழிவிட்டால் போதும்.

தூயியைத் தொடர்ந்து சார்லஸ் கட்டர், ஜேம்ஸ் டஃப் பிரௌன் போன்றோரும் தத்தம் முறைகளை வெளியிட்டனர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தனக்கெனத் தனியான ஒன்றை வகுத்துக்கொண்டது. ரங்கநாதன் இத்துறைக்குள் நுழைந்தபோது ஆகவே வெற்றிடம் எதுவும் இருக்கவில்லை. பல முறைகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன.

ரங்கநாதன் யார்? கணித ஆசிரியர் எப்படி நூலகரானார்?

அவர் 1892 ஆகஸ்டில், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தவர். ஊரின் பெயர் அவருடைய ஆங்கிலப் பெயரின் தொடக்கத்தில் ‘ஷியாலி’ என்று நிற்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவியை ஏற்படுத்தியபோது, அப்பணிக்கென எந்தப் பயிற்சியும் பெறாத இவர் விண்ணப்பித்தார்; நேர்காணலுக்குச் செல்லும் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகங்கள் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார் என்பது நூலகவியல் மாணவர்கள் அனைவரும் கேள்விப்பட்டிருக்கும் செய்தி.

1924 ஜனவரியில் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே அவருக்கு அந்த வேலை கசந்துவிட்டது. மாணவர்களின் கலகலப்புக்குப் பழகியவருக்கு, ஆளரவமற்ற நூலகத்தின் தனிமை தாங்கவில்லை. மாநிலக் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். லண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்று வரட்டும், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் கற்பித்தலுக்குத் திரும்பலாம் என்ற உடன்பாட்டின் பேரில்தான் அவர் கப்பலேறினார். பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்க அவருக்குக் கிடைத்த வழியே அந்த வேலைக்குள் ஆழமாக இழுத்துச் சென்றது என்று சொல்லத் தோன்றுகிறது.

லண்டனில் அவர் கண்ட குறை என்ன?

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில், பகுப்பாக்கம் கற்பித்த பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். கிராய்டன் நகர நூலகத்தின் தலைவராகவும் இருந்த சேயர்ஸ், பாடம் நடத்தியதோடு நில்லாமல் நூலகங்களைச் சென்று பார்க்கவும் தூண்டினார். ரங்கநாதன் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்வையிட்டார். தூயி முறையை ஏற்றுக்கொண்ட நூலகங்கள் ஒவ்வொன்றும் அதைத் தம் போக்கில் திருத்தி, ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துவதை அங்கே கண்டார்.

குறை எங்கே என்பதைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு உதவும். நெற்பயிரின் நோய்கள் பற்றி ஒரு நூல் இருக்கிறது. அதையடுத்து, நெற்பயிரின் நோய்களுக்கு இந்தியாவில் மேற்கொள்ளப்படும் மருந்து தெளிப்பு பற்றி ஒரு நூல் வருகிறது. அறிவுலகத்திலுள்ள பொருள்கள் அனைத்தையும் முன்கூட்டியே எண்ணிப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் ஆயத்தமான ஓர் எண்ணை வைத்திருக்கும் முறையில், இரண்டாவது நூலுக்குரிய எண் பட்டியலில் இருந்தால்தான் உண்டு. இல்லையென்றால் இரண்டு நூல்களும் ஒரே எண்ணில் குவிய வேண்டியதுதான். நூல்கள் சிலவாக இருந்த காலத்தில் இது பெரிய சிக்கலில்லை. ஆய்வுகள் பெருகி, ஒவ்வொரு நூலும் இரண்டு மூன்று கருத்துகளை இணைத்துப் பேசத் தொடங்கியபோது பட்டியல் எப்போதும் பின்தங்கியே நின்றது.

தூயி முறை முற்றிலும் இறுகியதாக இருந்தது என்று சொல்வது அநீதி. வரலாறு, அகராதி, இதழ் போன்ற வடிவங்களைக் குறிக்கும் துணைப் பிரிவுகளை எந்த எண்ணோடும் சேர்த்துக்கொள்ளும் வசதி அதில் விரைவிலேயே வந்துவிட்டது. ஆனால் அது ஓரத்தில் வைத்த வசதி. ரங்கநாதன் அந்த ஓரத்தையே நடுவில் கொண்டுவந்தார்.

இந்தியப் பொருள்களுக்கு இடம் போதவில்லை என்ற காரணமும் உண்டா?

உண்டு. தூயி முறையில் சமயம் என்ற 200ஆம் பிரிவில் பெரும்பகுதியைக் கிறித்தவம் எடுத்துக்கொள்ள, உலகின் பிற சமயங்கள் எல்லாம் 290க்குள் நெருக்கியடித்து நின்றன. வைணவத்தையும் சைவத்தையும் சமணத்தையும் பௌத்தத்தையும் நுணுக்கமாகப் பிரிக்க வேண்டிய சென்னை நூலகருக்கு இது உறுத்தியிருக்கும் என்பதில் வியப்பில்லை. ஆயினும் இதையே முதற்காரணமாகச் சொல்லும் கட்டுரைகள் விஷயத்தைச் சுருக்கிவிடுகின்றன. இடப்பங்கீட்டில் உள்ள பிழையைக் கூடுதல் எண்களால் சரிசெய்துவிடலாம்; பட்டியல் என்ற வடிவத்திலேயே உள்ள பிழையை அப்படிச் சரிசெய்ய இயலாது. அவர் கைவைத்தது இரண்டாவதில்.

பொம்மைக் கடையில் யோசனை பிறந்தது என்பது உண்மையா?

அவரே சொன்ன செய்திதான். லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் அங்காடியில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் ஒருவர் இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். துளையிட்ட உலோகப் பட்டைகள், சக்கரங்கள், தண்டுகள், திருகாணிகள் ஆகிய அதே உதிரிப் பாகங்களைக் கொண்டு ஒருமுறை ஒரு பொம்மையும், பிரித்துப்போட்டு மறுமுறை வேறொரு பொம்மையும் செய்ய முடிந்தது. கடைக்காரர் பொம்மைகளை இருப்பு வைக்கவில்லை, பாகங்களைத்தான் வைத்திருந்தார்.

நூல்களின் பொருளையும் இவ்வாறே அமைக்கலாம் என்பது ரங்கநாதனுக்குத் தெளிவாயிற்று. நெல், நோய், தெளிப்பு, இந்தியா என்று உதிரிக் கருத்துகளை மட்டும் அட்டவணையில் வைத்துக்கொண்டு, நூல் கையில் வரும்போது தேவையானவற்றை எடுத்து இணைத்தால் போதும். இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளி அமைந்தது. மொழியோடு ஒப்பிட்டால் விளங்கும்: பேசக்கூடிய வாக்கியங்களை எல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க முயல்வது பழைய முறை; சொற்களையும் அவற்றைக் கோக்கும் இலக்கணத்தையும் மட்டும் தருவது இவருடைய முறை.

முக்காற்புள்ளியை முதலில் பயன்படுத்தியவர் ரங்கநாதன்தானா?

இல்லை. பெல்ஜியத்தின் பால் ஓட்லே, ஆன்ரி லா ஃபொந்தேன் இருவரும் 1895இல் பிரஸ்ஸல்ஸில் நிறுவிய அமைப்பின் வழியாகத் தூயி முறையை விரிவாக்கி உருவாக்கிய உலகத் தசமப் பகுப்பில், முக்காற்புள்ளி முன்பே இடம்பெற்றிருந்தது. அங்கே அதன் வேலை வேறு. முழுமையான இரண்டு பொருள்களுக்கு இடையே தொடர்பு உண்டு என்று அது காட்டும். ரங்கநாதனிடத்தில் அது ஒரே பொருளின் உள்ளுறுப்புகளைப் பிரித்துக் காட்டும் மூட்டாகச் செயல்படுகிறது. குறி ஒன்றே, கருத்து வேறு.

முதற்பதிப்பு எவ்வாறு உருவானது?

1925இல் சென்னை திரும்பிய ரங்கநாதன், பல்கலைக்கழக நூலகத்தின் நூல்களையே தம் சோதனைக் களமாக்கிக்கொண்டார். கல்லூரிக்குத் திரும்பும் பேச்சு அதன்பின் எழவில்லை. எட்டு ஆண்டுகள் நடைமுறையில் சோதித்துத் திருத்திய பிறகு, 1933இல் சென்னை நூலகச் சங்கம் அதை நூலாக வெளியிட்டது. 1928இல் தொடங்கப்பெற்ற அச்சங்கத்தின் தோற்றத்திலும் அவருடைய பங்கு பெரிது. முதலில் நூல்களை வகைப்படுத்தும் கருவி வந்தது. அதன் பின்னணியிலுள்ள கொள்கைகளை விளக்கும் பெருநூலை 1937இல்தான் எழுதினார். கணிதத்தில் அடிக்கோள்களிலிருந்து தேற்றங்களுக்குச் செல்லப் பழகியவர், இங்கே செய்து பார்த்துவிட்டு அடிக்கோள்களைத் தேடிச் சென்றார் என்பது கவனிக்கத்தக்கது.

ஒரு குறியீடு எவ்வாறு கட்டப்படுகிறது?

முதலில் முதன்மைத் துறைக்கு ரோமன் எழுத்து ஒன்று வரும். ‘பி’ கணிதம், ‘சி’ இயற்பியல், ‘ஜே’ வேளாண்மை, ‘எல்’ மருத்துவம், ‘ஓ’ இலக்கியம், ‘எக்ஸ்’ பொருளியல், ‘இசட்’ சட்டம் என்று அது செல்லும். அறிவியல்களும் தொழில்நுட்பங்களும் முன்னே நிற்க, கலைகளும் சமூகவியல்களும் பின்னே நிற்க, இரண்டுக்கும் இடையே ஆன்மிக அனுபவத்துக்கு டெல்டா என்ற கிரேக்க எழுத்தைத் தந்து ரங்கநாதன் நடுவில் வைத்தார். அவருடைய மனப்பாங்கைக் காட்டும் இடம் அது.

நூலகவியல் வகுப்புகளில் வழக்கமாகக் காட்டப்படும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம்: நுரையீரல் காசநோய்க்கு ஊடுகதிர் கொண்டு செய்யும் சிகிச்சை குறித்து 1950களில் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி. ஏழாம் பதிப்பின்படி இதன் குறியீடு எல்,45;421:6;253:எஃப்.44'என்5 என்று அமையும். ‘எல்’ மருத்துவம்; 45 நுரையீரல்; 421 காசநோய்; 6 சிகிச்சை; 253 ஊடுகதிர்; ‘எஃப்’ ஆராய்ச்சி; 44 இந்தியா; ‘என்5’ 1950கள். இந்த முழுத் தொடரும் எந்த அட்டவணையிலும் அச்சாகியிருக்கவில்லை. துண்டுகள் மட்டுமே அங்கே உள்ளன. தொடரை நூலகர் கட்டுகிறார். அடுத்த நூல் ஆராய்ச்சியை விட்டுச் சிகிச்சையை மட்டும் பேசினால், வால்பகுதியை வெட்டிவிடலாம். அந்நூல் தானாகவே இதற்கு முன்னால் போய் அமரும்.

ஐந்து அடிப்படை வகைகள் எவை?

துண்டுகள் எவ்வளவு இருந்தாலும் அவை ஐந்து வகைகளுக்குள் அடங்கும் என்பது ரங்கநாதனின் கோட்பாடு: ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். 1952இல் வந்த நான்காம் பதிப்பில் இவை வெளிப்படையாக இடம்பெற்றன. அப்போதுதான் ஆளுமைக்குக் காற்புள்ளி, பருப்பொருளுக்கு அரைப்புள்ளி, ஆற்றலுக்கு முக்காற்புள்ளி, இடத்துக்கும் காலத்துக்கும் முற்றுப்புள்ளி என்று குறிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. காலத்துக்கான ஒற்றை மேற்கோள் குறி பின்னர் வந்தது.

காலமும் இடமும் எளிதில் விளங்கும். ஆற்றல் என்பது செயல்: சிகிச்சை, உற்பத்தி, கற்பித்தல் போன்றவை. பருப்பொருள் என்பது ஒன்று ஆக்கப்பட்ட பொருள். பிற்பதிப்பில் பண்பும் இதற்குள் வந்தது. ஆளுமைதான் பிடிகொடுக்காதது. அதை நேராக வரையறுக்காமல், மற்ற நான்கையும் கழித்தபின் எஞ்சுவது எதுவோ அதுவே ஆளுமை என்று அறியும்படி அவர் சொன்னார். மருத்துவத்தில் உடலுறுப்பு, வேளாண்மையில் பயிர், சமயத்தில் குறிப்பிட்ட சமயம் ஆகியவை ஆளுமையாகின்றன.

பள்ளியில் தமிழ் இலக்கணம் பயின்றவர்களுக்கு இது முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. பெயர்ச்சொற்களைப் பொருள், இடம், காலம், சினை, பண்பு, தொழில் என்று ஆறாகப் பிரித்து மனப்பாடம் செய்திருக்கிறோம். நுரையீரல் சினைப்பெயர், சிகிச்சை தொழிற்பெயர், இந்தியா இடப்பெயர் என்று மேலே கண்ட குறியீட்டைப் படித்துப் பார்க்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல வரவில்லை. புதிதாகக் கற்பவருக்கு ஐந்து வகைகளைப் புரியவைக்க இதைவிட நல்ல ஏணி இல்லை என்பது என் எண்ணம்.

எந்தத் துண்டு முன்னே வர வேண்டும் என்பதை எப்படி முடிவுசெய்வது?

துண்டுகளைப் பிரிப்பதைவிட அவற்றின் வரிசையை நிறுவுவதே கடினம். நெல்லும் நோயும் தெளிப்பும் என்று மூன்று துண்டுகள் கையில் இருந்தால், எதை முன்னே வைக்கிறோமோ அதைச் சுற்றித்தான் நூல்கள் திரளும். நோயை முன்னே வைத்தால் நெல்லைப் பற்றிய நூல்கள் நாலாபக்கமும் சிதறிவிடும். இதற்கு ரங்கநாதன் வகுத்த விதியின் பெயர் சுவர்-சித்திரக் கொள்கை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்ற நம் பழமொழியை நினைவூட்டும் பெயர் அது. இரண்டு கருத்துகளில் ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்கு இடமே இல்லையென்றால், இல்லாமல் முடியாதது முன்னே வர வேண்டும். பயிர் இல்லாமல் பயிர்நோய் இல்லை. நோய் இல்லாமல் தடுப்பு இல்லை. தடுக்கும் செயல் இல்லாமல் அதற்கான கருவி இல்லை. ஆகவே நெல், நோய், தடுப்பு, தெளிப்பான் என்று வரிசை தானே அமைந்துவிடுகிறது. பிரிக்க முடியாதவாறு இணைந்து நிற்கும் இரண்டைப் பிரிக்காமல் ஒருசேர வைத்தல் பற்றிய மற்றொரு விதிக்குப் பசு-கன்றுக் கொள்கை என்று பெயரிட்டார். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இப்பெயர்களைப் படிக்கிறார்கள்.

தமிழ் நூல்களுக்கு இம்முறை எவ்வாறு பொருந்தும்?

இலக்கியத்தில் வரிசை இவ்வாறு செல்லும்: மொழி, வடிவம், ஆசிரியர், படைப்பு. தமிழுக்கு 31, கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3. ஆசிரியரைப் பெயரால் குறிக்காமல் பிறந்த ஆண்டால் குறிப்பது இதன் தனித்தன்மை. 1800களுக்கு ‘எம்’ என்ற எழுத்து உரியதாகையால், 1882இல் பிறந்த பாரதியின் கவிதைக்கு ஆறாம் பதிப்பின்படி ஓ31,1எம்82 என்று குறியீடு அமைகிறது. 1564இல் பிறந்த ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்கு ஓ111,2ஜே64. இதனால் அடுக்கில் கவிஞர்கள் அகரவரிசையில் நிற்காமல் தலைமுறை வரிசையில் நிற்கிறார்கள். அலமாரியின் முன் நடந்தாலே இலக்கிய வரலாறு கண்ணில் படும். ஆனால் பிறந்த ஆண்டு பதிவாகாத சங்கப் புலவர்களையும் சித்தர்களையும் இந்த வலைக்குள் கொண்டுவரத் தோராயமான காலத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே வழக்கு நடக்கும் நூலுக்கு, நூலகர் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்.

புதிய துறைகள் தோன்றினால் இடம் போதுமா?

ஒரு வரிசையில் 1 முதல் 9 வரைதான் இலக்கங்கள். ரங்கநாதன் 9க்குத் தனிப்பொருள் தராமல், வரிசையை நீட்டிக்கும் வாசலாக மட்டும் வைத்தார். 8க்குப் பிறகு 91 முதல் 98 வரை, அதற்குப் பிறகு 991 என்று அது நீண்டுகொண்டே போகலாம். 8க்கும் 91க்கும் தகுதி ஒன்றே. எளிய உத்திதான், ஆனால் தசமத்தின் பத்துப் பெட்டிகளுக்குள் அறிவை அடைக்கும் கட்டாயம் இதனால் நீங்கியது.

இம்முறை ஏன் உலகெங்கும் பரவவில்லை?

முதற்காரணம், அதன் வலிமையே. நூலின் பொருளை நுணுக்கமாகச் சொல்லும் குறியீடு நீளமாகிறது. மெல்லிய நூலின் முதுகில் ஒட்டும் சீட்டில் அது கொள்ளாது. காற்புள்ளி முன்னா முக்காற்புள்ளி முன்னா என்று அடுக்குபவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். வாசகர் அதைத் துண்டுத்தாளில் பிழையின்றி எழுதிக்கொண்டு போவதும் எளிதன்று.

இரண்டாவது, பதிப்புக்குப் பதிப்பு மாற்றம். 1933, 1939, 1950, 1952, 1957, 1960 என ஆறு பதிப்புகளைத் தம் வாழ்நாளில் ரங்கநாதன் வெளியிட்டார். அவர் 1972இல் மறைந்த பிறகு, எம். ஏ. கோபிநாத் பதிப்பித்த ஏழாம் பதிப்பு 1987இல் வந்தது. நுரையீரல் காசநோய் ஆறாம் பதிப்பில் எல்45:421; ஏழாம் பதிப்பில் எல்,45;421. கோட்பாட்டில் முன்னேற்றமாக இருக்கலாம். ஓர் இலட்சம் நூல்களின் சீட்டுகளை மாற்றி ஒட்ட வேண்டிய நூலகருக்கு அது முன்னேற்றமாகத் தெரியாது. இவ்விடத்தில் ஆய்வாளர் ரங்கநாதன், நூலகர் ரங்கநாதனை வென்றுவிட்டார் என்றே கருதுகிறேன்.

மூன்றாவது, காங்கிரஸ் நூலகம் 1930 முதல் தன் அச்சிட்ட அட்டைகளில் தூயி எண்ணையும் சேர்த்து அளித்தது. ஆயத்தமாகக் கிடைக்கும் எண்ணை விட்டுத் தாமே கட்டும் எண்ணை எத்தனை நூலகங்கள் விரும்பும்? இந்திய தேசிய நூற்பட்டியலும் தூயி எண்ணின்படியே நூல்களை வரிசைப்படுத்தி, கோலன் எண்ணைப் பதிவின் அடியில் தந்தது.

அப்படியென்றால் அதன் தாக்கம் எங்கே?

அலமாரியில் தேடினால் குறைவாகவும், சிந்தனையில் தேடினால் மிகுதியாகவும் கிடைக்கும். 1952இல் லண்டனில் கூடிய பகுப்பாக்க ஆய்வுக் குழுவினர், தகவல் மீட்பின் எல்லா முறைகளுக்கும் கூறுகளாகப் பிரிக்கும் பகுப்பே அடித்தளமாக வேண்டும் என்று 1955இல் அறிவித்தனர். குறியீட்டின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் ஒரு தேடுசொல்லைப் பெறும், ரங்கநாதன் கண்ட சங்கிலி முறையைக் கொண்டு பிரித்தானிய தேசிய நூற்பட்டியல் 1950 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தன் பொருளடைவை அமைத்தது. 1977 முதல் தொகுதி தொகுதியாக வெளிவரத் தொடங்கிய, அமெரிக்க நூலகர் ஹென்றி பிளிஸின் பகுப்புமுறையின் இரண்டாம் பதிப்பு முழுக்கவே இக்கோட்பாட்டின் மேல் நிற்கிறது. இந்தியாவில் 1962இல் பெங்களூரில் அவர் தொடங்கிய ஆவணவியல் ஆராய்ச்சி பயிற்சி மையம் இப்பணியைத் தொடர்ந்தது. தூயி முறையும் உலகத் தசமப் பகுப்பும்கூடப் பிற்காலப் பதிப்புகளில் கட்டிக்கொள்ளும் எண்களுக்கு மேன்மேலும் இடம் கொடுத்தன.

நூலகத்துக்கு வெளியே இதைக் காண வேண்டுமென்றால், இணைய அங்காடியில் சேலை தேடுபவர் இடப்பக்கத்தில் துணி, நிறம், விலை, நெய்த ஊர் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போவதைப் பார்க்கலாம். காஞ்சிபுரம், பட்டு, பச்சை என்ற சேர்க்கையை யாரும் முன்கூட்டியே ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கவில்லை. கூறுகள் தனித்தனியே இருக்கின்றன, தேடுபவர் சேர்த்துக்கொள்கிறார். தேடலுக்கான இந்த அமைப்பை வடிவமைப்போர் வழங்கும் ஆங்கிலப் பெயரான ‘ஃபேசட்’ என்பது, ரங்கநாதன் பகுப்பாக்கத்தில் கூறுகளுக்கு இட்டு வழங்கிய அதே சொல்தான்.